மன்றாட்டில் மூன்று பெயர்கள்

ரெட்டியார்சத்திரம்
7 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஆண்டவருக்குத் தோத்திரம். தம்பி ஆண்டனிராஜ் எழுதிக்கொண்டது. நான் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, உங்கள் மடத்து மதருக்குச் சர்க்கரை குறைந்ததா என்று எழுதவும். கொடைரோட்டுக்குக் காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். ஆனாலும் வருஷத்தில் இரண்டே முறைதான் உன்னைத் திரைக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்துப் பேச விடுகிறார்கள். துபாய்க்குப் போனவன்கூடத் தினமும் போனில் அக்கா முகத்தைப் பார்க்கிறான்.

மில் ஓடுகிறதா என்று கேட்டிருந்தாய். பேப்பர் வராத மடத்தில் இருப்பவளுக்கு ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டும். அமெரிக்காக்காரன் நம் சரக்கின் மேல் வரியை ஏற்றிவிட்டான். திருப்பூரில் பனியன் தைப்பவனுக்கு ஆர்டர் நின்றது. அவன் எங்களிடம் நூல் வாங்குவதை நிறுத்தினான். குடோன் நிறைந்து, இப்போது கேன்டீனிலும் பாதியை அடைத்து நூல் மூட்டை அடுக்கியிருக்கிறோம். ஆட்கள் மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில் நின்றுகொண்டே சாப்பிடுகிறார்கள்.

ராத்திரி ஷிப்டை எடுத்தாயிற்று. மற்ற ஷிப்டுக்கு வருகிறவர்களிலும் பாதிப் பேரை, "இன்னைக்கு வேலை இல்ல, நாளைக்கு வாங்க" என்று கேட்டில் நின்று திருப்பி அனுப்ப வேண்டும். அதைச் சொல்லும் வாய் என்னுடையது. என் அறைக் கதவில் மனிதவள மேலாளர் என்று போர்டு மாட்டியிருக்கிறார்கள்.

லிடியா போய்ச் சேர்ந்தபின் வீட்டில் பேச்சுச் சத்தம் வேண்டுமே என்று டி.வி.யைப் போட்டுவிட்டு அடுப்படியில் நிற்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் செபாஸ்தியம்மாள் சோற்றுக்கு வெஞ்சனம் கொண்டுவருவாள். எங்கள் மில்லில் நூற்பு மிஷின் பார்க்கிறவள், லிடியாவின் சிநேகிதி, உனக்குச் சொல்லியிருக்கிறேன். போன வாரம் கிண்ணத்தை வைத்துவிட்டுக் கிளம்பாமல் நின்றாள்.

"அண்ணே, நாங்க சங்கம் வைக்கப் போறோம்."

"இத நீ எங்கிட்டச் சொல்லவே கூடாது. நான் மேனேஜ்மெண்ட் ஆளு."

"மேனேஜ்மெண்ட் ஆளுக்குச் சொல்லல. லிடியா வீட்டுக்காரருக்குச் சொல்றேன்."

என்ன செய்வது என்று தெரியவில்லை. எனக்காக வேண்டிக்கொள்.

உன் தம்பி,
ஆண்டனி


அடைப்பு மடம், கொடைரோடு
15 செப்டம்பர் 2025

பாசமுள்ள தம்பி ஆண்டனிக்கு,

மாதா உன்னைத் தன் முந்தானையில் வைத்துக் காப்பாளாக. மதர் நலம், சர்க்கரைதான் அவர் பேச்சைக் கேட்பதில்லை. என் முழங்கால், முழங்காலில் நிற்கும்போது மட்டும் வலிக்கிறது. எங்கள் வேலையே அதுதான் என்பதால் கஷ்டம்.

உன் கடிதத்தில் அமெரிக்காவுக்கு இடம் இருக்கிறது, திருப்பூருக்கு இடம் இருக்கிறது, கேன்டீன் மூட்டைக்குக்கூட இடம் இருக்கிறது. உன்னைப் பற்றி டி.வி. போடுகிறாய் என்று ஒரு வரி. மாதத்துக்கு ஒரு கடிதம்தான் எனக்கு அனுமதி. அதற்குப் பதிலாக எனக்கு மில் நிலவரத்தை அனுப்பாதே, உன் நிலவரத்தை அனுப்பு.

சங்கம் என்றதும் எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது. தோல் பதனிடும் ஷாப்பில் அப்பா சங்கம் வைத்தபோது பேகம்பூர் முக்கில் கொடி கட்டி, மைக் வைத்து, யார் யார் பொறுப்பு என்று பெயர் பெயராகச் சொன்னார்கள். அப்பா சங்கத்து பேட்ஜைச் சட்டையில் குத்திக்கொண்டு பூசைக்கே வந்தார், அம்மா கோவிலுக்குள் வைத்தே வைதாள். அந்த மனுஷன் பிள்ளை நீ. அவர்களுக்கு உன்னால் ஆனதைச் செய்.

அவர்கள் பெயரை எழுது. இங்கே யாரோ சிலருக்காக என்று வேண்டுகிற பழக்கம் கிடையாது. ஒவ்வொருவரையும் பெயர் சொல்லித்தான் வேண்டுவோம். ஆண்டவருக்குத் தெரியும் என்பாய். எனக்குத் தெரிய வேண்டாமா?

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
ரோசலின் (இங்கே சிஸ்டர் மரிய பவுலா என்பது உனக்கு எப்போதும் மறந்துபோகிறது)


ரெட்டியார்சத்திரம்
28 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நலமாக இருக்கிறேன். மதருக்கும் மற்ற சிஸ்டர்களுக்கும் என் வணக்கம்.

நீ சொன்னபடியே செய்தேன். முறைப்படி எங்கே பதிவு செய்ய வேண்டும், விண்ணப்பத்தில் என்ன எழுத வேண்டும் என்று செபாஸ்தியிடம் சொல்லிக்கொடுத்துவிட்டேன். தீபாவளி கழித்து விண்ணப்பம் போடுவார்கள். அவர்கள் கேட்பது மலையை அல்ல. வேலை இல்லையென்றால் முதல் நாளே சொல்லுங்கள், கேட்டு வரைக்கும் வரவைத்துத் திருப்பாதீர்கள், இருக்கிற வேலையை எல்லாருக்கும் மாற்றி மாற்றிக் கொடுங்கள் என்கிறார்கள். அவ்வளவுதான். முதலாளி கெட்டவர் இல்லை, பயந்துபோய் இருக்கிறார். பாங்க்காரர்கள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிற நாளில் அவர் யாரிடமும் பேசுவதில்லை.

முன்னால் நிற்பது மூன்று பேர். செபாஸ்தியம்மாள் உனக்குத் தெரியும், புருஷன் இறந்தபின் தனியாக இரண்டு பெண்களைப் படிக்க வைக்கிறாள். கமர்ஜஹான், கோன் சுற்றும் பகுதியில் இருக்கிறாள், வீட்டுக்காரர் வேலை பார்த்த தோல் ஷாப் மூடிவிட்டது. மூன்றாவது முத்துச்சாமி, பஞ்சு உடைக்கும் இடத்தில் நின்று நின்று இருமல் பிடித்தவர். இருமலுக்கு நடுவில் பேசினாலும் நன்றாகப் பேசுவார்.

பகலில் முதலாளி பக்கம் உட்கார்ந்து தலையாட்டுகிறேன், ஞாயிற்றுக்கிழமை செபாஸ்தி பக்கம் உட்கார்ந்து யோசனை சொல்கிறேன். இரண்டையும் ஒருவரிடமும் சொல்ல முடியாது. உன்னிடம் சொல்கிறேன். உன் மடத்துச் சுவரைத் தாண்டி ஒரு பூனைகூட வெளியே வராது.

உன் தம்பி,
ஆண்டனி


அடைப்பு மடம், கொடைரோடு
16 அக்டோபர் 2025

பாசமுள்ள தம்பிக்கு,

நேற்று எங்கள் பெரிய தெரசம்மாள் திருநாள். அதே சந்தோஷத்தோடு எழுதுகிறேன், நீயும் சந்தோஷமாக இருப்பாயாக. முழங்கால் வலியை நேற்று முழுக்க மறந்தே போனேன்.

திருநாளுக்கு வெளிக்கோவில் நிறைய ஜனம். இந்த வருஷம் பூசையில் வாசிக்கும் மன்றாட்டுகளை எழுதும் முறை என்னுடையது. கடைசி மன்றாட்டு உன்னுடையது, தம்பி. "திண்டுக்கல் பக்கம் நூல் மில்லில் தொழிலாளர்களுக்குச் சங்கம் அமைக்கப் பாடுபடும் செபாஸ்தியம்மாள், கமர்ஜஹான், முத்துச்சாமி ஆகியோருக்குத் துணை நிற்க வேண்டுமென்று" என்று எழுதினேன். ஒரு பாட்டுக்காரப் பெண் மைக்கில் வாசித்தாள். அத்தனை ஜனமும் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது. திரைக்குப் பின்னால் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதைவிடப் பெரிய சங்கதி இனிமேல்தான். எங்களுக்கு மாதாமாதம் அரிசி கொடுக்கும் அம்மா யாரென்று நேற்றுத்தான் தெரிந்தது. உங்கள் முதலாளி வீட்டம்மா! பூசை முடிந்து மதரைப் பார்க்க வந்தவர், மன்றாட்டில் வாசித்த பெயர்களை மறுபடி கேட்டிருக்கிறார். மதர் என்னைக் கூப்பிட்டார். நானே திரைக்குப் பின்னால் நின்று மூன்று பெயரையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். செபாஸ்தியம்மாள் என் தம்பி குடும்பத்துக்கு வேண்டியவள் என்றும் சொன்னேன். அந்தம்மா போனில் குறித்துக்கொண்டு, "வீட்டுல சொல்றேன் சிஸ்டர்" என்றார். என்ன குணம் பார். முதலாளி வீட்டிலேயே உங்களுக்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள். தீபாவளிப் பலகாரம் என்று கண்டதையும் தின்னாதே.

உன் அக்கா,
ரோசலின்


அனுமந்தராயன்கோட்டை
19.10.2025

அண்ணனுக்கு,

செபாஸ்தியம்மாள் எழுதுறது. நல்லா இருக்கீங்களான்னு கேக்கணும். முறைக்குக் கேக்குறேன்னு வச்சுக்கங்க.

போன்ல பேசினா அழுதுருவேன். நேர்ல வந்தா வஞ்சுருவேன். அதான் எழுதுறேன்.

நேத்து கேட்ல எங்க மூணு பேர மட்டும் ஓரமா நிப்பாட்டி கவர் குடுத்தீங்க. தீபாவளி போனஸ் சீட்டுத்தான் குடுக்கீகன்னு கமர்ஜஹான் சிரிச்சுக்கிட்டே வாங்குனா. வேலை சரியில்ல, அதனால நிப்பாட்டுறோம்னு எழுதியிருக்கு. கல்யாணத்துக்கு முந்தியிருந்து அந்த மிஷின்ல நிக்கிறேன், ஒரு மெமோ வாங்கினதில்ல. உங்களுக்கே தெரியும், நீங்கதான மெமோ குடுக்குற ஆளு.

விண்ணப்பம் போடுற வரைக்கும் மூச்சு விடக் கூடாது, போட்டுட்டா அதுக்கப்புறம் கை வைக்க யோசிப்பாகன்னு நீங்க சொன்னீங்க. நாங்க விடல. எங்க மூணு பேரு பேரும் எங்களுக்கும் உங்களுக்கும்தான் தெரியும். இப்ப முதலாளிக்குத் தெரிஞ்சிருக்கு. நான் வேற யாரச் சந்தேகப்பட?

கவரக் குடுக்கையில நீங்க என் மூஞ்சியப் பாக்கல. பாத்திருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்.

லிடியா கிண்ணம் ரெண்டு எங்கிட்ட இருக்கு. பிள்ளைககிட்டக் குடுத்தனுப்புறேன். இனி ஞாயித்துக்கிழமை வரமாட்டேன்.

செபாஸ்தியம்மாள்


ரெட்டியார்சத்திரம்
22 அக்டோபர் 2025

அன்புள்ள செபாஸ்திக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும்.

கவரைக் கொடுத்தது நான். கையெழுத்து முதலாளியுடையது, கை என்னுடையது. முந்தின நாள் சாயங்காலம் மூன்று பெயரையும் அவரே என்னிடம் சொன்னார். மறுத்துவிட்டு அன்றைக்கே வெளியே வந்திருக்கலாம். வரவில்லை. அதற்கு நீ என்ன வைதாலும் சரி.

ஆனால் பெயரை முதலாளியிடம் நான் சொல்லவில்லை. அவருக்கு எப்படித் தெரிந்தது என்பது நேற்று வந்த தபாலில்தான் எனக்குத் தெரிந்தது. அதை யாரிடமும் சொல்ல மாட்டேன், உன்னிடமும் சொல்ல மாட்டேன். சொன்னால் தாங்க முடியாத ஓர் ஆள் இருக்கிறார்.

வழக்குப் போடுங்கள். தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுங்கள். நான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பேன், அதைப் பொருட்படுத்தாதே.

கிண்ணம் உன்னிடமே இருக்கட்டும்.

ஆண்டனிராஜ்


ரெட்டியார்சத்திரம்
2 நவம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

தோத்திரம். நலம். நீயும் மதரும் நலமா?

மன்றாட்டு விவரம் படித்தேன். எழுதியதற்கு நன்றி.

இன்று கல்லறைத் திருநாள். செபாஸ்தி எனக்கு முன்பே வந்து லிடியாவுக்கு மெழுகுதிரி ஏற்றியிருந்தாள். அவளும் பிள்ளைகளும் கிளம்புகிற வரைக்கும் நான் கேட்டுக்கு வெளியே பூக்காரியிடம் நின்றேன். பூ நன்றாக இருந்தது.

இனிமேல் மில் சங்கதி எழுதப்போவதில்லை. நீதான் என் நிலவரம் கேட்டாய். மழை பெய்கிறது, ஜலதோஷம் இல்லை.

உன் தம்பி,
ஆண்டனி


அடைப்பு மடம், கொடைரோடு
23 நவம்பர் 2025

பாசமுள்ள தம்பிக்கு,

கிறிஸ்து அரசர் உன் வீட்டையும் ஆள்வாராக. இங்கே எல்லாரும் சுகம், மழையில் கோழிக்கூடு ஒழுகுகிறது.

உன் கடிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன், எங்காவது இன்னும் நாலு வரி ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று. சின்ன வயதில் அடி வாங்கிவிட்டு வந்தால் இப்படித்தான் "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே சுவரைப் பார்த்து உட்காருவாய். என்ன ஆச்சு? செபாஸ்தியம்மாள் கல்லறைக்கு வந்தால் நீ ஏன் வெளியே நின்றாய்? அந்தம்மா அவளுக்கு ஏதாவது உதவி செய்தாரா? அரிசி கொண்டுவரும் டிரைவரிடம் கேட்கச் சொன்னேன், அவர் சிரித்தாராம்.

அடுத்த ஞாயிறு திருவருகைக் காலம் தொடங்குகிறது. கிறிஸ்துமஸ் முடியும் வரை எங்களுக்குக் கடிதம் எழுதவும் அனுமதி இல்லை, வருகிற கடிதத்தைப் பிரிக்கவும் அனுமதி இல்லை என்பது உனக்குத் தெரியும். அதனால் இந்த வாரமே பதில் எழுது. நாலு வரி கூடுதலாக எழுது.

உன் அக்கா,
ரோசலின்


ரெட்டியார்சத்திரம்
11 ஜனவரி 2026

அன்புள்ள அக்காவுக்கு,

புது வருஷம் உனக்கு நல்லபடியாக அமையட்டும். கோழிக்கூட்டைச் சரிசெய்தார்களா?

நவம்பரிலேயே பதில் எழுத நினைத்தேன், வேலை அதிகம். பிறகு உங்கள் கதவு சாத்திவிட்டது. இந்தத் தடவை எனக்கு அது வசதியாகப் போயிற்று என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதே.

கிறிஸ்துமஸ் நல்லபடியாகக் கழிந்தது. கோவிலில் கூட்டம் தாங்கவில்லை, ஆனாலும் நான் உட்காருகிற பெஞ்சில் கை காலை நீட்டி உட்கார முடிந்தது. வீட்டுக்கு வந்து பிரியாணி வாங்கிச் சாப்பிட்டேன். ஒரு ஆளுக்கு வாங்கினாலும் இரண்டு ஆளுக்குக் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். ராத்திரிக்கும் அதுவே ஆயிற்று.

வேலை விஷயமாக அடிக்கடி திண்டுக்கல் தொழிலாளர் அலுவலகம் போய்வருகிறேன். அங்கே டீ நன்றாக இருக்கிறது. செபாஸ்தி சுகமாக இருக்கிறாள், பார்த்தேன்.

நீ எனக்காக வேண்டிக்கொள்வது எனக்குத் தெரியும். மனசுக்குள்ளே வேண்டிக்கொள், போதும்.

உன் தம்பி,
ஆண்டனி


அனுமந்தராயன்கோட்டை
25.1.2026

மரியாதைக்குரிய சிஸ்டருக்கு,

சர்வேசுரனுக்குத் தோத்திரம். நீங்க சுகமா இருக்கணும்னு வேண்டிக்கிறேன். நான் செபாஸ்தியம்மாள், உங்க தம்பி மில்லுல வேலை பாத்தவ. லிடியா கூட ஒருதடவை உங்களப் பாக்க வந்துருக்கேன். திரை போட்டிருந்ததால குரல் மட்டுந்தான் கேட்டேன்.

உங்களுக்கு எழுதுறது தப்பா இருந்தா மன்னிச்சுக்கங்க. வேற வழி தெரியல. சங்கம் வைக்கப்போன எங்க மூணு பேரையும் தீபாவளிக்கு முன்னாடி மில்லுல நிப்பாட்டிட்டாக. முத்துச்சாமி இப்ப ஒட்டன்சத்திரம் மார்க்கெட்ல மூட்டை தூக்குறாரு, இருமலோட. கமர்ஜஹான் வீட்டுல ரெண்டு பேருக்குமே வேலை இல்ல. நான் தோட்ட வேலைக்குப் போறேன், மூத்தவ காலேஜ்க்குப் போறத நிப்பாட்டிட்டேன்.

தொழிலாளர் அலுவலகத்துல கேஸ் நடக்குது. சங்கம் வைக்கிறது எங்களுக்குத் தெரியவே தெரியாது, இவுக வேலை சரியில்ல, அதான் நிப்பாட்டுனோம்னு மில்லுக்காரங்க சாதிக்கிறாக. அவுகளுக்கு முன்னாடியே தெரியும்னு நிரூபிச்சா எங்களுக்கு வேலை கெடைக்கும்னு ஆபீசர் சொல்றாரு. எப்படித் தெரிஞ்சுச்சுன்னு உங்க தம்பிக்குத் தெரியும். எனக்கே எழுதுனாரு, அந்தக் கடுதாசி மட்டும் சாட்சிக்குப் பத்தாதாம். ஆனா அங்க வந்து தலையக் கவுந்து உக்காந்துக்கிறாரு. யாரையோ காப்பாத்துறாரு. யாருன்னு கேட்டா சொல்லமாட்டேங்கிறாரு.

ஊரே அவரக் காட்டிக்கொடுத்தவன்னு பேசுது. கிறிஸ்துமஸ் பூசைல அவரு பெஞ்சுல ஒருத்தரும் உக்காரல. நானும் உக்காரல சிஸ்டர். பாவமாத்தான் இருந்துச்சு.

நீங்க சொன்னா கேப்பாரு. வாயத் தொறக்கச் சொல்லுங்க. அந்த ஆளு யாரா இருந்தாலும் எங்க மூணு குடும்பத்த விடவா பெருசு?

உங்க ஆசீர்வாதம் வேண்டும்,
செபாஸ்தியம்மாள்


அடைப்பு மடம், கொடைரோடு
15 பிப்ரவரி 2026

தம்பி ஆண்டனிக்கு,

ஆண்டவர் உன் பக்கத்தில் இருப்பாராக. சுகம் கேட்க எனக்கு முகம் இல்லை.

செபாஸ்தியம்மாள் எனக்கு எழுதியிருந்தாள். அவள் கடிதத்தைப் படித்துவிட்டுத் திருநாளன்று நான் உனக்கு எழுதியதை நினைத்துப் பார்த்தேன். மூன்று பெயரையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா? பெருமையாக எழுதியிருந்தேன். சுவரைத் தாண்டிப் பூனை வராது என்று நீ எழுதியதைக் கிண்டல் என்று படித்துவிட்டேன். அப்பா காலத்தில் சங்கத்தை மைக்கில் சொன்னார்கள், இப்போது ஒளித்துச் செய்ய வேண்டியிருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. பத்தொன்பது வயதில் உள்ளே வந்தவளுக்கு வெளியே என்ன மாறியது என்று எப்படித் தெரியும்? இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. சமாதானம் எனக்கே ஆகவில்லை.

மதரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு நாள் யோசித்தார். பிறகு தாள் கொடுத்தார். திருநாளன்று மன்றாட்டில் என்ன வாசிக்கப்பட்டது, அதன்பின் அந்தம்மா யார் யார் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டு போனார் என்று ஆபீசருக்கு எழுதி, நானும் மதரும் கையெழுத்துப் போட்டு செபாஸ்தியம்மாளுக்கு அனுப்பிவிட்டோம். நான்தான் என்று அவளுக்குத் தனியாகவும் எழுதினேன்.

அந்தம்மாவுக்கும் மதர் முறையாகத் தெரிவித்தார். இந்த மாதம் அரிசி வரவில்லை. சிஸ்டர்கள் கஞ்சி குடிக்கிறார்கள். ஒருவர்கூட என்னை ஒரு சொல் சொல்லவில்லை. வைதால் நன்றாக இருக்கும்.

நீ எனக்காக வாயை மூடிக்கொண்டு இருந்தாய். அந்த மூன்று குடும்பமும் பட்டதில் அதற்கும் பங்கு உண்டு, அதை நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்? ஆனால் காலி பெஞ்சில் நீ உட்கார்ந்திருந்ததை நினைத்தால் எனக்குச் செபம் வாயில் வரமாட்டேன் என்கிறது.

வருகிற புதன் சாம்பல் புதன். தவக்காலத்தில் கடிதம் கிடையாது. தவக்காலம் முடிந்து பாஸ்காத் திருநாள் கழிந்தும் நான் எழுதப்போவதில்லை, உன் கடிதத்தையும் வாங்கப்போவதில்லை. இது மதர் கொடுத்த தண்டனை அல்ல, நானே கேட்டு வாங்கியது. என் பேச்சு மூன்று பேர் சோற்றைப் பறித்தது. வெளியே போகும் பேச்சு இனி எனக்கு வேண்டாம்.

நேரத்துக்குச் சாப்பிடு. லிடியா கல்லறைக்குச் செபாஸ்தியம்மாளோடு சேர்ந்தே போ.

உன் அக்கா,
ரோசலின்


ரெட்டியார்சத்திரம்
12 ஏப்ரல் 2026

மதிப்பிற்குரிய மதர் அவர்களுக்கு,

பாஸ்கா வாழ்த்துகளுடன் ஆண்டனிராஜ் பணிவாக எழுதிக்கொள்வது. தங்கள் சர்க்கரை கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். அனுமந்தராயன்கோட்டை ஜனங்கள் மடத்துக்கு அரிசி சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள். புது அரிசி, வடித்தால் கொஞ்சம் குழையும்.

வழக்கு முடிந்துவிட்டது. நீங்கள் இருவரும் கையெழுத்துப் போட்ட கடிதத்தை ஆபீசர் வாசித்ததும் முதலாளியின் வக்கீல் வெளியே போய்ப் போனில் பேசிவிட்டு வந்தார். அடுத்த வாரமே மூன்று பேரையும் வேலைக்கு எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள். சங்கமும் பதிவாகிவிட்டது. நூல் மூட்டை இன்னும் கேன்டீனில்தான் இருக்கிறது. ஆனால் யாருக்கு எந்த நாள் வேலை என்பதை இப்போது முதல் நாளே போர்டில் எழுதிப் போடுகிறார்கள். பெயர்கள் மடத்துக்கு எப்படிப் போயின என்று முதலாளி கேட்டார். நான் எழுதியதுதான் என்றேன். ராஜினாமா எழுதச் சொன்னார், எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

வேலை போனாலும் பழக்கம் போகவில்லை, மதர். இத்தனை வருஷம் இரண்டு தரப்புக்கு நடுவில் உட்கார்ந்து பேசியவன் என்ற உரிமையில் சிஸ்டர் மரிய பவுலாவுக்காகத் தங்களிடம் வாதாட வருகிறேன். விசாரணை இல்லாமல் யாரையும் தண்டிக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். சிஸ்டர் தானே குற்றம்சாட்டி, தானே விசாரித்து, தானே தீர்ப்பும் எழுதிக்கொண்டார். பாதிக்கப்பட்டவர்களை அவர் கேட்கவில்லை. நான் கேட்டேன்.

கமர்ஜஹான் சொன்னாள்: "அவுக எங்களுக்காக துஆ செஞ்சாக. துஆ செஞ்சவுகளக் கோவிச்சுக்கிட்டா அல்லாவுக்கே அடுக்காது." முத்துச்சாமி இருமி முடித்துவிட்டு, "என் பேர மாதா கோயில்ல மைக்குல படிச்சாகளா?" என்று இரண்டு தடவை கேட்டார். செபாஸ்தி தங்கள் தபால் வந்த அன்று என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருக்கிறாள், ஆனால் வாயில் வசவுதான் வந்தது. "ஒத்தையில கெடந்து சாவீகளே தவிர, ஒரு வார்த்த சொல்லமாட்டீக" என்றாள். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்து நன்றாக அழுதாள். சிஸ்டர் மேல் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று தங்களுக்கு எழுதச் சொன்னாள். ஆக, மூன்று பேரும் புகாரை வாபஸ் வாங்கிவிட்டார்கள்.

இன்னொன்று. சிஸ்டர் தனக்கென்று வாங்கிக்கொண்ட தண்டனையை அனுபவிப்பது சிஸ்டர் அல்ல. அவருக்குப் பேச ஆண்டவர் இருக்கிறார், நீங்கள் எல்லாரும் இருக்கிறீர்கள். தபால்காரர் என் வீட்டைத் தாண்டிப் போகும்போது வாசலில் நிற்பவன் நான்.

தவக்காலத்தில் நான் போட்ட மூன்று கடிதமும் தங்கள் மேசையில் இருக்கும். அவற்றை அவர் வாங்க மறுத்தால் தாங்களே பிரித்துப் பாருங்கள். மூன்றிலும் நான் நலம் என்றுதான் எழுதியிருப்பேன். கோவிலில் இப்போது என் பெஞ்சில் நெருக்கி உட்காருகிறார்கள், தெருவில் நின்று விசாரிக்கிறார்கள், அவர்களிடமும் நலம் என்கிறேன். நலமாக இல்லை என்று சொல்ல எனக்கு இந்த உலகத்தில் அவள் ஒருத்திதான் இருக்கிறாள், மதர். இன்று வரை அவளிடமும் அதைச் சொன்னதில்லை. சொல்வதற்கு ஒரு கடிதத்துக்கு மட்டும் அனுமதி வாங்கித் தாருங்கள்.

தங்கள் பதிலை எதிர்பார்த்து,
ஆண்டனிராஜ்